டினேஷ் கேட்ட பொருத்து

பேசாலையில் டினேஷின் வீட்டுக் குசினியில், புதுச் சமையல் மேசையின் பலகைகள் இரண்டையும் அச்சு வைத்து ரவுட்டர் மெஷினால் விளிம்பு வெட்டி, பசை பூசி இணைத்தான் தச்சன் சசிகரன். கனடாவிலிருந்து டினேஷ் கேட்டபடியே, பலகைகள் சேரும் பொருத்து வெளியே தெரியவில்லை.

டினேஷின் தாய் பெற்றிசியா வந்து பலகையைத் தடவினார்.

“பொருத்து எங்கை தம்பி?”

“தடவினாலும் பிடிபடாதம்மா!” என்றான் பெருமையாக.

“கழட்ட ஏலுமோ?”

“பசை இறுகிட்டுது. கழட்டினால் உடைஞ்சிடும். ஏன், வடிவாத்தானே இருக்கு?”

“பழைய மேசையில பலகை இடைவெளியைத் தடவித்தான் அடுப்பு எங்கையெண்டு பிடிக்கிறனான். சீனி வியாதியில கண் தெரியாமல் போட்டுது.”

சசிகரன் திகைத்தான். “மகன் சொல்லேல்லையே?”

“அவனுக்கே தெரியாது. தெரிஞ்சால் எல்லாத்தையும் விட்டிட்டு வந்திடுவான்.”

சசிகரனின் போன் அடித்தது. டினேஷ்தான்.

“அம்மாவுக்குப் பிடிச்சிருக்கோ அண்ணை?”

பெற்றிசியா சசிகரனின் கையைத் தேடிப் பிடித்து, சொல்ல வேண்டாமென்று தலையசைத்தார்.

“ஓம் தம்பி, நல்லாப் பிடிச்சிருக்காம்” என்றான்.