கட்டைவிரல்

அக்ரா நகரத்துப் பழைய இரும்புச் சந்தையில் வெயில் கொளுத்துகிறது. செம்புக் கம்பி உரிக்கும் நபாரியிடமிருந்து பிடுங்கிய சம்மட்டியால், யாரோ தூக்கியெறிந்த கணினியின் திரையை விளாசுகிறார் அசியாமா. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. அலுவலகத்தில் வருகை பதியும் இயந்திரம் மாதம் முழுக்க அவர் விரலை ஏற்கவில்லை. வேலைக்கே வராத ஆளென்று இன்று காலை வெளியே அனுப்பிவிட்டார்கள். "நான் வரவே இல்லையா? இப்ப வந்திருக்கேன், நல்லாப் பாருடா." கண்ணாடி வெடித்துச் சிதறுகிறது. "அண்ணே, அது வெறும் மூஞ்சி. மூளை அந்தப் பெட்டியில இருக்கு. கோவத்துல வர்ற அத்தனை பேரும் மூஞ்சியிலயேதான் போடறீங்க" என்கிறான் நபாரி. அசியாமா பெட்டியின்மேல் பாய்கிறார். தகரம் நசுங்கி, கிழிந்து, குடல்போல் கம்பிகள் வெளியே சரிகின்றன. அவர் கட்டைவிரலும் கிழிந்து ரத்தம் முழங்கைவரை ஒழுகுகிறது. அவர் சிரிக்கிறார். "இரு, இதை ஒரு படம் எடுத்துக்கறேன்." போனை எடுத்துக் கட்டைவிரலை வைக்கிறார். அடையாளம் தெரியவில்லை என்கிறது போன். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். தெரியவில்லை. சம்மட்டி நழுவி விழுகிறது. நபாரி கம்பி உரிப்பதை நிறுத்திவிடுகிறான். ரத்தம் பட்ட போன் கண்ணாடியை வாயால் ஊதி, மேலதிகாரியின் முன்னால் நிற்பதுபோல் குனிந்து, அசியாமா மெதுவாகச் சொல்கிறார்: "நான்தாங்க."