முப்பத்தைந்து மடங்கு

"சுட மாட்டேன்."

குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் துப்பாக்கியின் போல்ட்டை உருவி, தான் படுத்திருந்த பாயின் மேல் வைத்தாள் நோரீன்.

அமெரிக்காவின் வயோமிங்கில், அந்த மேட்டில் துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கூடியிருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். இரண்டு மைல் தள்ளி, எதிர்க் குன்றின் அடியில் நின்றது வெள்ளை இரும்புத் தகடு. அதில் இன்னும் ஒரு குண்டு பட்டால் இரண்டு புள்ளி; கோப்பை நோரீனுக்கு.

நடுவர் ஓட்டிஸ் குனிந்தார். "என்னம்மா ஆச்சு?"

"தகட்டுக்கு இடது பக்கம் புதருக்குள்ள ஒரு ஆள் படுத்திருக்கான்."

"அங்க யாரும் கிடையாது. காலையிலேயே சுத்திப் பாத்துட்டுத்தான் கேட்டைப் பூட்டினோம்." அவளுடைய துப்பாக்கி மேல் பொருத்தியிருந்த ஸ்கோப் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தார். "கானல்தான் நெளியுது. எவ்வளவுல வச்சிருக்கே?"

"முழுசா. முப்பத்தஞ்சு மடங்கு."

பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. ராய்ஸ்! போன வருடம் கோப்பை வென்றவன். இந்த வருடமும் தன் முறையைச் சுட்டு முடித்து, நோரீனைவிட ஒரே புள்ளி முன்னால் இருந்தான்.

"இந்த வெயில்ல அத்தனை பெருசாக்கிப் பாத்தா கல்லுகூட எழுந்து ஆடும், நோரீன்! அதனாலதான் நாங்கல்லாம் பாதியாக் குறைச்சு வச்சுக்கறோம்."

"கல்லு ஆடும், ராய்ஸ். தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறியாது."

ஓட்டிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டி அனுப்பிப் பாத்துடலாம். ஆனா உன் நேரத்தை நிறுத்த மாட்டேன். அங்க ஆள் இல்லன்னா நீ தோத்த மாதிரிதான்."

"அனுப்புங்க."

ராய்ஸ் முன்னால் வந்தான். "வண்டியெல்லாம் எதுக்கு, ஓட்டிஸ்? பாவம், படபடப்புல இருக்கா. இன்னும் அஞ்சு நிமிஷம் கூடக் குடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஜெயிச்சா ஜெயிச்சுட்டுப் போகட்டும்!"

கூட்டம் கைதட்டியது. "மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்றார் ஒருவர்.

பக்கத்தில் தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த தங்கை ஜூன் கெஞ்சினாள். "அக்கா, எனக்கும் ஒண்ணும் தெரியல. அவனே நேரம் குடுக்கச் சொல்றான். சுட்டுடுக்கா."

நோரீன் மறுபடி ஸ்கோப்புக்குள் பார்த்தாள். ஒருவேளை கானல்தானோ? கண்ணைத் தகட்டில் மட்டும் வைத்துச் சுட்டுவிடலாம். யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை.

எழுந்து நின்றாள். போல்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் பாத்தது மனுஷனை. வண்டி போய்ப் பாக்கற வரைக்கும் இந்தத் துப்பாக்கி வெடிக்காது. கோப்பையை யார் வேணா தூக்கிட்டுப் போங்க."

"அங்க ஈ காக்கா கிடையாது!" ராய்ஸ் கத்தினான். "எது நடந்தாலும் நான் பொறுப்பு. நீ சுடு!"

"உன் பொறுப்பை நீயே வச்சுக்க. விரல் என்னுது."

ஓட்டிஸ் கையசைத்தார். வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு சரிவில் இறங்கியது. அது பாதி தூரம் போவதற்குள் நோரீனின் நேரம் முடிந்து விசில் ஒலித்தது. யாரோ சீட்டியடித்துக் கேலி செய்தார்கள். ஜூன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நோரீன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

கடைசியில் ஓட்டிஸின் வாக்கி டாக்கி கரகரத்தது.

"அந்தம்மா சொன்னது சரிதான்! தகட்டுலேர்ந்து பத்தடி கூட இல்ல, இலைதழையை மேல போட்டுக்கிட்டுப் படுத்திருக்கான். கையில காத்தை அளக்கற மீட்டர், நம்ம மாதிரியே ஒரு வாக்கி டாக்கி. குண்டைத் தள்ளற காத்து இங்க எப்படி அடிக்குதுன்னு காலையிலேர்ந்து ஒருத்தருக்கு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான்."

"யாருக்கு?"

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது.

"இவனோட அண்ணனுக்கு. இவன் ராய்ஸோட கூடப்பொறந்த தம்பி, ஓட்டிஸ்."