உப்புக்கு என்ன ஆதாரம்?

"இன்னிக்கும் அதே நெனப்புதாம்மா. கஞ்சியில உப்பு போடலையோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது!"

பூந்தமல்லியில் மனநல ஆலோசனை மையம் வைத்திருக்கும் சௌம்யாவின் எதிரே உட்கார்ந்து, ஹாஜா மொய்தீன் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். பள்ளிவாசலில் முன்னூறு பேருக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர். பைசா வாங்காத சேவை. பாவம், ரமலான் பிறந்ததிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமே இல்லை.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க. நாளைக்கே ஜமாத்துல சொல்லிட்டு, கரண்டியக் கீழ வெச்சிடலாம்னு கீறேன்."

"ருசி பாக்கலாமே, பாய்?"

"நானும் நோன்பாச்சேம்மா! தொறந்தப்புறம் எல்லாருக்கும் ஊத்தி முடிக்கிறதுக்குள்ள அண்டா காலி."

சௌம்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மனசு சொல்றதெல்லாம் உண்மையில்ல பாய். ஆதாரம் இருக்கான்னு அதைக் கேக்கணும். இதுவரைக்கும் எத்தனை நாள் காய்ச்சினீங்க?"

"இருவது நாளு."

"யாராவது உப்பில்லன்னு சொன்னாங்களா?"

"சேச்சே! 'மாஷா அல்லாஹ், அருமை பாய்'னு கையப் புடிச்சிகினு சொல்றாங்க."

"அண்டாவுல மிச்சம்?"

"ஒரு பருக்கை கெடையாது."

"அப்போ உங்க பயத்துக்கு ஆதாரம்?"

ஹாஜா பாய் தாடியைத் தடவி யோசித்தார். மெல்ல முகம் மலர்ந்தது.

"ஒண்ணுமே இல்லையேம்மா! இந்தப் பாழாப்போன மனசு சும்மானாச்சுக்கும் என்னைப் போட்டு வாட்டிகினு இருந்திருக்குது!"

வந்தபோது ஊர்ந்து வந்தவர், படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போனார். சௌம்யாவுக்குத் தன் படிப்பின் மேலேயே தனி மரியாதை வந்தது.

மாலை ஏழு மணிக்குத் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்.

"கஞ்சிம்மா! உங்களுக்குன்னு மொதல்லயே எடுத்து வெச்சிட்டேன். ஒரு தபா கூட அந்த நெனப்பு வரல. போன உசுரு திரும்பி வந்தா மாதிரி கீது. கரண்டி இனிமே என் கையிலதான்! குடிங்க, நான் பாக்கணும்."

டம்ளரில் ஊற்றி ஆவலோடு ஒரு வாய் குடித்தாள் சௌம்யா. இஞ்சி இருந்தது, பூண்டு இருந்தது, பட்டை கூட இருந்தது. உப்பு மட்டும் மருந்துக்கும் இல்லை.

ஹாஜா பாய் சிரித்த முகத்தோடு, கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மடக்கென்று விழுங்கினாள்.

"அருமை பாய்!" என்று, இருபது நாளாக முன்னூறு பேர் சொன்ன அதே பொய்யைச் சௌம்யாவும் சொன்னாள்.