லாவண்யாவின் முதல் போணி

“இங்கதானே மேடம் சீட்டு வச்சு பலன் சொல்றீங்கோ?”

வாசலில் தோளில் பையோடு ஒல்லியாக ஒருவன் நின்றிருந்தான். லாவண்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் உள்ளே அழைத்து, உட்காரவைத்து, ஃபேனைப் போட்டு, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டாள்.

பின்னே? ஆவடியில் அந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்க அவள் டாரட் சீட்டு வைத்துப் பலன் பார்க்காத ஆள் கிடையாது. காசு கொடுத்துப் பார்த்த ஆளும் கிடையாது. வேலை கிடைக்குமா என்று கேட்டால், “கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்” என்பாள். “இதைச் சொல்ல எழுபத்தெட்டு சீட்டு எதுக்குடி?” என்று எதிர்வீட்டு ராணி அக்கா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். கணவன் கார்த்திகேசனோ கெடுவே வைத்துவிட்டான். மாதம் முடிவதற்குள் ஒரே ஒருத்தராவது காசு கொடுத்துப் பார்க்கவில்லையென்றால் சீட்டுக்கட்டு பரணுக்குப் போய்விடும். இன்று தேதி முப்பத்தொன்று.

“பேரு?”

“பூபாலன் மேடம். வெள்ளானூரு. எத்தினி வருசமா பாக்கறீங்கோ?”

“அது ஆச்சு, ரெண்டு வருஷம்.” ஆறு மாதம்தான்.

“டெய்லி எத்தினி பேரு வருவாங்கோ?”

“பத்துப் பன்னண்டு பேர். ஞாயித்துக்கிழமைன்னா மூச்சுவிட நேரமிருக்காது.” புளுகுவது என்று இறங்கிவிட்ட பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்?

பூபாலனின் முகம் வாடிப்போனது. “அவ்ளோ பேரா?” என்றவன், சட்டென்று எழுந்தான். “அப்போ நான் இன்னொரு நாளிக்கு வரேன் மேடம்.”

வந்த லட்சுமியை விடுவாளா? “உக்காருங்க தம்பி! மனசுல பாரத்தை வச்சுக்கிட்டு எங்க போறீங்க? முந்நூறு ரூபா, முதல்ல வச்சிடணும்.”

அவன் மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். முதல் போணி! லாவண்யா நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“இப்ப சொல்லுங்க. என்ன பிரச்சினை?”

“ஒர்த்தங்க கைல ஒரு விசயம் சொல்லணும் மேடம். வாயே வரமாட்டேங்குது.”

“பொண்ணா?”

“லேடிதான் மேடம்.”

அவ்வளவுதானே! காதல் கேஸ் என்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுவதுபோல. “கல்யாணம் கூடி வருமான்னு பாக்கணும், அதானே?”

“ஐயோ, அவங்க கல்யாணம் ஆனவங்கோ மேடம்.”

சீட்டுக்கட்டு கையிலிருந்து நழுவியது. “வீட்டுக்காரர் இருக்காரா?”

“கீறாரு. ஃபேக்டரில வேலை. இந்நேரம் டூட்டில இருப்பாரு.”

அடப்பாவி! டூட்டி நேரம் வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறானே! “நீங்க சொல்லப்போற விஷயம் அந்தம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது மேடம். சிரிச்சுகினே உள்ள இட்டுகினு போயி உக்கார வெக்கிறாங்கோ. அந்த மூஞ்சியப் பாத்து எப்டி மேடம் சொல்றது? போன வாரம்கூட ரெண்டு ஊட்டுக்குப் போயி, ஒண்ணும் சொல்லாம காபியக் குட்ச்சுட்டு வந்துட்டேன்.”

“ரெண்டு வீடா!”

லாவண்யா விளக்குமாற்றை எடுக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். ஆனால் ஆன்லைன் வகுப்பில் ஜமீலா மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்: வந்தவரின் யோக்கியதையை எடைபோடுவது நம் வேலையில்லை, சீட்டு என்ன சொல்கிறதோ அதைச் சொல். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று சீட்டுகளை உருவி வைத்தாள்.

முதல் சீட்டில், எட்டு வாள்களுக்கு நடுவே கண்ணும் கையும் கட்டப்பட்டு நிற்கும் ஒரு பெண்.

“இது நீங்கதான். உங்களைக் கட்டி வச்சிருக்கறது வேற யாருமில்ல, உங்க பயம்.”

“கரீட்டு மேடம்! எங்க ஆபீசரும் அதயேதான் சொல்லிச் சொல்லித் திட்றாரு.” பூபாலனின் கண்கள் கலங்கிவிட்டன.

சொன்னது பலித்துவிட்டது! லாவண்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாவது சீட்டில் ஒரு கையில் தராசு, மறு கையில் வாள்.

“நியாயம்... உங்க பக்கம்தான் இருக்கு.” சொல்வதற்கு அவளுக்கே கூச்சமாக இருந்தது. என்ன செய்ய, சீட்டு அப்படி.

மூன்றாவதில், சிங்கத்தின் வாயைக் கையால் பிடித்திருக்கும் ஒரு பெண். ‘சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்’ என்பது வழக்கம்போல் நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

“சொல்லிடுங்க!” குரல் கணீரென்று வந்தது. “நாளைக்கு, நாளன்னைக்குன்னு தள்ளாதீங்க. இப்பவே சொல்லுங்க. அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, நேருக்கு நேரா முகத்தைப் பாத்து சொல்லிடுங்க!”

பேசியது தான்தானா என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது. கார்த்திகேசன் இதைக் கேட்க இங்கே இல்லாமல் போய்விட்டானே!

“சத்தியமா சொல்லிடலாமா மேடம்?”

“சத்தியமா. சீட்டு பொய் சொல்லாது தம்பி.”

பூபாலன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பையிலிருந்து முத்திரை குத்திய காகிதம் ஒன்றை எடுத்து நீட்டியபடி, அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தான்.

“மேடம், நான் எஸ்டேட் ஆபீசு. குவார்ட்டர்ஸ்ல வியாபாரம் பண்றீங்கோன்னு கம்ப்ளெயிண்ட்டு, ஒரு மாசத்துல ஊட்டைக் காலி பண்ணணும், இதான் நோட்டீசு... யப்பா, சொல்ட்டேன் மேடம்! நீங்கோ மட்டும் தைரியம் குடுக்கலைன்னா, இன்னிக்கும் சொல்லாமதான் போயிருப்பேன்!”