காதுக்குள் ஒரு டீச்சர்

“உதவித் திட்டத்தோட மூணாம் படியிலேருந்து என் தங்கச்சிய இறக்குங்க.”

அதை மட்டும் கேட்டுராதடி என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். முப்பிடாதி உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். பக்கத்தில் தங்கை, ஆறாங்கிளாஸ் சுடர்.

தலைமையாசிரியை ரெஜினா மேடம் திரையைத் திருப்பினார். “கணக்கு நேரத்துல கை சும்மாவே இருக்கல. நடத்தைக் கோளாறுன்னு அவ உக்கார்ற கண்காணிப்பு மேஜை கண்டுபிடிச்சிருக்கு.”

“விரல் கணுவ எண்ணியிருக்கா மேடம். நானும் அப்படி எண்ணித்தான் டிகிரி வாங்குனேன். உங்க மேஜைக்கு அதுகூடத் தெரியாதா?”

“காதுல துணைக்குரல் மாட்டுனதுலேருந்து மார்க் ஏறியிருக்கேம்மா.”

“ஏறியிருக்கு. நேத்து பசிக்குதாடின்னு கேட்டேன். அது சொல்லட்டும்னு காதைத் தொட்டுக்கிட்டு நிக்குறா.”

மேடம் குரலைத் தாழ்த்தினார். “இறக்கக் கேட்டா, குடும்பம் ஒத்துழைக்கலன்னு திட்டமே நாலாம் படிக்கு ஏத்திரும். அங்க போனா விடுதிதான், வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் பாக்கலாம். நீ கேக்கல, நான் கேக்கல. போயிரு.”

முப்பிடாதி தங்கையின் காதிலிருந்த துணைக்குரலைக் கழற்றி மேடத்தின் மேஜைமேல் வைத்தாள்.

“ஐயோ, அதைக் கழட்டுனா இனி எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்காதும்மா!”

“தெரியும் மேடம்.”

வெறுங்காதைத் தடவிக்கொண்டே சுடர் அழத் தொடங்கினாள். முப்பிடாதி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.