இவர்தான் கோச்சோ!

தலைமையாசிரியர் நாற்காலி காலியானதிலிருந்து, கூலிம் தோட்டப் பள்ளியில் வீராசாமி வாத்தியாரும் தர்மலிங்கம் வாத்தியாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதில் உட்காரப் போவது தான்தான் என்று இருவருக்கும் நினைப்பு.

அன்று பள்ளிக்குள் நுழைந்த ஜப்பான் அதிகாரி, அரைகுறை மலாயில் கேட்டார்: "சியாப்பா கோச்சோ?"

வீராசாமி தர்மலிங்கத்தின் பக்கம் சாய்ந்தார். "கோச்சுல ஏறப்போறது யாருன்னு கேக்குறான்லா! சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறான்!"

"ஐயோ, எனக்கு நாலு பிள்ளைங்க!" என்றார் தர்மலிங்கம்.

"எனக்கு மூலம்!" என்ற வீராசாமி, அவரை முன்னால் தள்ளினார். "இவர்தான் கோச்சோ! என்னைவிட மூத்தவரு, படிச்சவரு, தங்கமான மனுஷன்!"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சைக்கிளில் வந்து இறங்கிய துபாஷி மஜீத், மூலம் உட்பட அத்தனையையும் ஜப்பானிய மொழியில் சொன்னார். அதிகாரி தர்மலிங்கத்துக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். தர்மலிங்கம் தேம்பி அழுதார்.

"ஏன் வாத்தியாரே அழுவுறீங்க?" என்றார் மஜீத். " கோச்சோன்னா தலைமையாசிரியர்! நாற்காலி இனிமே உங்களுக்குத்தான்."

வீராசாமி மஜீதின் காதருகே போனார்.

"பாய், எனக்கு மூலம் இப்ப பரவாயில்லைன்னு சொல்லிப் பாருங்களேன்."