ஓடைக்கரையில் ஒரு பிணம்

குன்றின் மேல் சிக்கியோன் படை நட்ட வெற்றிக்கம்பத்தில் எதிரியான கொரிந்தியன் ஒருவனின் தலைக்கவசம் வெயிலில் தகதகக்கிறது. கம்பத்தடியில் லாம்பிஸ் நிற்கிறான். கீழே, எதிரிகள் இன்னும் விடாத ஓடைக்கரையில், அவன் தம்பி ஹைலாஸ் குப்புறக் கிடக்கிறான். காகம் ஒன்று அவன் தோளில் உட்கார்ந்திருக்கிறது. தூதனை அனுப்பிப் பிணத்தைக் கேட்டால் தோற்றதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். கிரேக்க ஊர்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் வழக்கம். "ஒத்தப் பொணத்துக்காக, ஜெயிச்ச சண்டையத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?" என்கிறார் தளபதி, வெங்காயத்தைக் கடித்தபடி. கரையில் கொரிந்தியர்கள் கேடயத்தைத் தட்டிச் சிரிக்கிறார்கள். "ஜெயிச்சவங்களே, வாங்கடா! வாயத் தொறந்து கேளுங்க, குடுக்கறோம்!" லாம்பிஸ் தளபதி பக்கம் திரும்புகிறான். "உங்க மகன் அங்க கெடந்தா இந்த வெங்காயம் எறங்குமாய்யா?" தளபதியின் தாடை அசையாமல் நிற்கிறது. பக்கத்தில் நின்ற படைத் தூதனின் கையிலிருந்த தூதுக்கோலைப் பிடுங்கிக்கொண்டு லாம்பிஸ் சரிவில் இறங்குகிறான். "டேய், நில்லுடா! ஊர் மானம் போயிரும்டா!" என்று தளபதி கூவுகிறார். அவன் திரும்பவில்லை. பாதிச் சரிவில் கோலை உயர்த்தி, தொண்டை கிழியக் கத்துகிறான். "தோத்துட்டோம்டா! சிக்கியோன் தோத்துருச்சு! என் தம்பியக் குடுங்கடா!" கேடயச் சத்தம் நின்றுபோகிறது. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் காகத்தை விரட்ட ஓடுகிறான்.